குடைக் கதை, பனிப் பாட்டு, ஒரு வடை

டீச்சர் வாயைத் திறந்தார். சத்தம் வரவில்லை.

மறுபடி திறந்தார். காற்று மட்டும் வந்தது, சைக்கிள் டியூபில் வால்வைப் பிடுங்கிய மாதிரி. ஒரு கையால் கழுத்தைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையில் சாக்பீஸை எடுத்து போர்டுப் பக்கம் திரும்பினார். எழுதியாவது பாடத்தை நடத்திவிடலாம் என்று நினைத்திருப்பார்.

என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ரங்கசாமி எழுந்து நின்றான்.

"எழுத வேண்டாமுங்க டீச்சர். சும்மா பேசுங்க. எங்களுக்குக் கேக்குது."

டீச்சர் திரும்பிப் பார்த்தார். உதடு மட்டும் அசைந்தது. வகுப்பு மொத்தமும், "ஆமாங்க டீச்சர், நெசமாலுந்தானுங்க" என்றது.

எனக்கு ஒரு எழவும் கேட்கவில்லை.

"என்னடா சொன்னாங்க?" என்றேன்.

"'நெசமாலுமா மக்களே'ன்னாங்க. மூஞ்சியப் பாருடா, காதை எதுக்கு நீட்டறே?" என்று முழங்கையால் ஒரு குத்து விட்டான். அந்த வருஷம் ஆங்கிலப் பாடத்தை நான் பெரும்பாலும் ரங்கசாமியின் முழங்கை வழியாகத்தான் படித்தேன்.

கரண்ட்காரர் மகன்

போன வாரம், அப்பாவுக்கு மாற்றலாகி நாங்கள் காங்கேயத்திலிருந்து கருமத்தம்பட்டிக்கு லாரியில் வந்த கதையை எழுதியிருந்தேன். எங்கள் மர பீரோவின் கண்ணாடியைப் பற்றி நாலு பத்தி போனதால், 'பீரோவை இறக்கி வைத்துவிட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் போங்கள்' என்று ஒரு வாசகி எழுதியிருக்கிறார். போகிறேன், அம்மணி.

பள்ளிக்கூடத்துச் சுவரும் விசைத்தறிக் குடோன் சுவரும் ஒட்டிக்கொண்டிருந்தன. எங்கள் பத்தாம் வகுப்பு அந்தச் சுவரோரம். நாள் முழுக்கத் தறி ஓடும். டடக் டடக் டடக் என்று அது மேஜை வழியாக முழங்கைக்கு ஏறி, அங்கிருந்து பல்லுக்கு வரும். முதல் வாரம் எனக்குத் தலைவலி. இரண்டாவது வாரம் தலை எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை.

மற்றவர்களுக்கு அது சத்தமே இல்லை. வகுப்பில் முக்கால்வாசிப் பேர் தறிக்காரர் வீட்டுப் பிள்ளைகள். தொட்டிலிலேயே தறிச்சத்தம் கேட்டுத் தூங்கினவர்கள்.

என் அப்பாவுக்கு மின்சார ஆபீஸில் கிளார்க் வேலை. பேரேட்டுக்கும் ரப்பர் ஸ்டாம்புக்கும் மேல் அவருக்கு எந்த அதிகாரமும் கிடையாது. எங்கள் வீட்டு பல்பு ஃபியூஸானால் மாற்ற அம்மாதான் ஸ்டூல் மேல் ஏறுவார். ஆனாலும் ஊரில் கரண்ட் போனால் வகுப்பு மொத்தமும் திரும்பி என்னைப் பார்க்கும்.

"உங்கொப்பாகிட்டச் சொல்லி சித்த உடச் சொல்றது?" என்பான் ரங்கசாமி. அப்பா கரண்டை டிபன் பாக்ஸில் வைத்துப் பூட்டியிருப்பதுபோல.

சத்தமில்லாமல் பேசுவது

ரங்கசாமி வீட்டுக்கு முதல்முறை போனபோது நடந்தது இது. வீடு முன்னால், தறி பின்னால், நடுவில் கதவுகூடக் கிடையாது. அவன் அம்மா அந்தக் கோடியில் தறி ஓட்டிக்கொண்டு நின்றார். இந்தக் கோடியில் நாங்கள். அவர் வாயை அகலமாகத் திறந்து மூடினார், புருவத்தைத் தூக்கினார். ரங்கசாமியும் வாயைத் திறந்து மூடினான். இருவரும் சிரித்தார்கள். நான் நடுவில் கம்பம் மாதிரி நின்றேன்.

"என்னடா?"

"அம்மா கேட்டாங்க, 'இந்தப் பையன் ஏன் இத்தன ஒல்லியா இருக்கான், ஊட்ல சோறு போடறதில்லையா'ன்னு."

"நீ என்ன சொன்னே?"

"'கரண்ட்காரரு ஊடு, ஷாக் அடிச்சே இப்படி ஆயிட்டான்'னேன்."

அதுதான் அவர்கள் பேச்சு. உதட்டைப் பார்த்தே முழுவதையும் பிடித்துவிடுவார்கள். அதற்குத் தனிப்பெயர்கூட வைக்கவில்லை. பேசுவது என்றுதான் அதையும் சொல்வார்கள். நாலு தறி தாண்டி நின்று மாமியாரும் மருமகளும் ஒரு முழுச் சண்டையைப் போட்டு முடிப்பார்கள், பக்கத்து வீட்டுக்கு ஒரு வார்த்தை போகாது.

சமீபத்தில் ரங்கசாமி மகள் கல்யாணம். மண்டபத்தில் ஆர்கெஸ்ட்ரா, ஆளுயர ஸ்பீக்கர். மற்ற விருந்தினர்கள் ஒருவர் காதில் ஒருவர் கத்தித் தொண்டை கட்டிக்கொண்டிருக்க, எங்கள் வகுப்புக்காரர்கள் மட்டும் மண்டபத்தின் நாலு மூலையில் உட்கார்ந்துகொண்டு நிம்மதியாக ஊர்க்கதை பேசினார்கள். நான் வழக்கம்போல் ரசம் எப்படி என்று யாரோ கேட்டதற்கு 'ரெண்டு பசங்க' என்று பதில் சொல்லிவிட்டு வந்தேன்.

குடையும் கிழவனும்

எங்கள் ஆங்கில டீச்சர் ஜெசிந்தா நாகர்கோவில்காரர். எங்களை 'மக்களே' என்று கூப்பிடுவார். எதற்கெடுத்தாலும் 'ங்க' போடும் எங்கள் ஊர் வழக்கம் அவருக்கு ஓயாத வேடிக்கை. வருகைப் பதிவு எடுத்தால், "பிரசெண்ட்டுங்க டீச்சர்." புரிந்ததா என்றால், "யெஸ்ஸுங்க டீச்சர்." புரியாவிட்டாலும் அதேதான்.

எங்கள் பாடநூலில் ஒரு சிறுகதை இருந்தது. மழை ஓயாத ஒரு வெளிநாட்டு ஊர். சின்ன ரயில் நிலையம். அங்கே வேலை பார்க்கும் கிழவனுக்கு பெஞ்சில் யாரோ மறந்து வைத்த குடை கிடைக்கிறது. மேலிடத்துக்குத் தெரிவித்துத் தலைமை நிலையத்துக்கு அனுப்ப வேண்டும், அதுதான் சட்டம். கிழவன் அனுப்புவதில்லை. வருஷக்கணக்காக வைத்திருந்து, தினமும் விரித்துத் துடைத்து, கம்பிக்கு எண்ணெய் போட்டு, உடையவனுக்காகக் காத்திருக்கிறான். மழை கொட்டும் ஒரு நாள் உடையவன் வந்து இறங்குகிறான். குடையை நீட்டினால், தன்னுடையது என்பதே அவனுக்கு ஞாபகம் இல்லை. அவ்வளவுதான் கதை.

குரல் போவதற்கு முன் இதை டீச்சர் நடத்திய விதத்தை எப்படிச் சொல்வது! சொந்த மாமாவுக்கு நடந்ததைப்போல நடத்தினார். தறிச்சத்தத்துக்கு மேலே குரலைத் தூக்கி, கிழவனாக இருமினார், ரயிலாகக் கூவினார், டஸ்டரை விரித்துப் பிடித்துக் குடையாக்கினார். அதற்குப் பிறகு எத்தனையோ படித்தாயிற்று. பெரிய பெரிய ஆட்களின் கதைகள் என் அலமாரியில் தலைகுனிந்து நிற்கின்றன, பாதி படிக்காமல். குடை என்றால் இன்றைக்கும் எனக்கு அந்த டஸ்டர்தான்.

எங்களைப் பாத்திரங்களாக நிற்கவைத்தும் படிக்கச் சொல்வார். ரங்கசாமி கிழவன், நான் உடையவன்.

"ஈஸ் திஸ் யுவர் அம்ப்ரெல்லாங்க?" என்றான் ரங்கசாமி, கையைக் கட்டிக்கொண்டு.

டீச்சர் மேஜையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "எழுதினவன் கேட்டிருந்தா அவனே சேர்த்திருப்பான், மக்களே."

எங்களுக்குக் கதையில் ஒன்றுதான் உதைத்தது. பூங்கொடி என்ற பெண் எழுந்து கேட்டாள். முன்பெஞ்ச், இரட்டைச் சடை, எதையும் கேட்காமல் விடாதவள்.

"ஏனுங்க டீச்சர், மழை பெய்யுது பெய்யுதுன்னு எல்லாரும் மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கறாங்களே, அவங்க ஊர்ல யாருமே காடு தோட்டம் வெச்சிருக்கலீங்களா?"

பனியும் கரண்ட்டும்

அடுத்தது பாட்டு. இரவெல்லாம் ஒரு கிராமத்தின் மேல் பனி பெய்கிறது. வண்டிச் சக்கரம் ஓய்கிறது, நாய் ஓய்கிறது, கோயில் மணியும் ஓய்கிறது. அப்படி ஒரு அமைதி. அந்த அமைதியில் பாடுகிறவனுக்குப் பக்கத்து வீட்டுக்காரர்கள் மூச்சு விடுவது கேட்கிறது. 'இத்தனை நாளும் நீங்கள் இங்கேதான் இருந்தீர்களா?' என்று கேட்பதோடு பாட்டு முடிகிறது.

"மக்களே, சுத்தமா சத்தமே இல்லாத ஒரு நேரத்தை நினைச்சுப் பாருங்க," என்று டீச்சர் தறிக்கு மேலே கத்தினார். "என்ன தோணுது?"

பூங்கொடி எழுந்தாள். "கரண்ட் போயிருச்சுன்னு தோணுமுங்க."

யாரும் சிரிக்கவில்லை. ஆமாம் என்று தலையாட்டினார்கள். சிலர் என்னைப் பார்த்தார்கள்.

"நிம்மதியா இருக்காதா?"

"இல்லீங்க. பயமா இருக்குமுங்க. அப்பா வெளிய வந்து நின்னு கம்பத்தையே பாத்துட்டு இருப்பாருங்க. யாரும் பேச மாட்டோமுங்க."

டீச்சர் புத்தகத்தை மூடிவைத்தார்.

"இந்தப் பாட்டை நீங்க எனக்கு நடத்தணும் போல இருக்கு," என்றார்.

அதுதான் அவரது முழுக்குரலை நாங்கள் கடைசியாகக் கேட்ட வகுப்பு. தறியோடு பல மாதம் மல்லுக்கட்டியதில் தொண்டை போய்விட்டது. கோயம்புத்தூரில் டாக்டர் பார்த்து, ஒன்றரை மாதம் ஒரு வார்த்தை பேசக்கூடாது என்று சொல்லிவிட்டார்.

எல்லோரும் சேர்ந்து ஒரு டீச்சர்

இதில் ஒரு சிக்கல். ஜெசிந்தா டீச்சர் தற்காலிக ஆசிரியை. அவர் சம்பளத்தில் நாகர்கோவிலில் ஒரு குடும்பம் ஓடிக்கொண்டிருந்தது. எங்கள் ஹெச்.எம். கோபிசெட்டிபாளையத்துப் பக்கம் விவசாயக் குடும்பம், தறிப் பேச்சு தெரியாதவர். கெட்டவர் அல்ல, கண்டிப்பானவர். குரல் போன டீச்சரை வைத்துக்கொண்டு பத்தாம் வகுப்பை ஓட்ட முடியாது, வேறு ஆளைப் போட்டுவிடுவார். போதாததற்கு, கல்வி அதிகாரி ஒருவர் அந்த மாதக் கடைசியில் வந்து வகுப்பைப் பார்ப்பதாக இருந்தது. அவர் எழுதும் ரிப்போர்ட்டைப் பொறுத்துத்தான் டீச்சர் இருப்பதும் போவதும்.

ஆகவே நாங்கள் யாரிடமும் சொல்லவில்லை. கூடிப் பேசி எடுத்த முடிவெல்லாம் இல்லை. இன்னொருவர் வீட்டுத் தறியில் பாவு நூல் அறுந்தால் கேட்காமலே போய்ப் பிடித்துக்கொள்வார்களே, அதுபோலப் பிடித்துக்கொண்டார்கள்.

டீச்சர் சத்தமில்லாமல் பேசுவார். வகுப்பு அதைச் சத்தமாகச் சொல்லும். ஆங்கில உதடு முதலில் கொஞ்சம் தகராறு செய்தது. ஆனால் புத்தகம் எதிரே இருந்தது, டீச்சரும் பாதியைத் தமிழில்தான் விளக்குவார். இரண்டே நாளில் பழகிவிட்டார்கள். ஹெச்.எம். வராந்தாவில் நடக்கும்போது கேட்பதெல்லாம் பாடம் முழங்கும் பிள்ளைகளின் குரல். 'ஜெசிந்தா கிளாஸ்ல பசங்களே பேசறாங்க பாருங்க' என்று மற்ற ஆசிரியர்களிடம் பெருமை வேறு.

வாய்விட்டுச் சொன்னவர்களில் நானும் இருந்தேன். ஒவ்வொரு வரிக்கும் அரை நொடி தாமதமாக. ரங்கசாமி சொல்வதைப் பார்த்துத்தானே நான் சொல்ல வேண்டும்.

கரண்ட் போனது

அதிகாரி வந்தார். மெலிந்த மனிதர், வெள்ளைச் சட்டை. நேராகக் கடைசி பெஞ்சுக்கு வந்து, "சித்த தள்ளிக்குங்க கண்ணு" என்று என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். ஹெச்.எம். வாசலில் நின்றார்.

தறி ஓடியது. அந்தச் சத்தம்தான் எங்களுக்குக் காப்பு. கடைசி பெஞ்சுக்கு டீச்சர் குரல் வராததற்கு அதைக் காரணம் காட்டிவிடலாம்.

டீச்சர் பனிப் பாட்டை ஆரம்பித்தார். வகுப்பு முழங்கியது. அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு டீச்சர் முகத்தையே பார்த்தார். கோபம் என்று நான் நினைத்தேன். ஹெச்.எம். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "வடை சொல்லியிருக்கேனுங்க, எடுத்துட்டு வந்தர்றேன்" என்று கிளம்பினார்.

அவர் தலை மறைந்ததும் தறி நின்றது.

ஒன்று, அப்புறம் ஒன்று என்று எல்லாத் தறியும் இழுத்துக்கொண்டே போய் அடங்கின. டிரான்ஸ்பார்மரில் காக்கை அடிபட்டுவிட்டது என்று பிறகு அப்பா சொன்னார். அந்த நேரத்தில் எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் அந்த அமைதி. வகுப்பு மொத்தமும் திரும்பி என்னைப் பார்த்தது.

டீச்சர் ஒரு வரியின் நடுவில் இருந்தார். நிறுத்த நேரமில்லை. 'இத்தனை நாளும் நீங்கள் இங்கேதான்' என்கிற இடம். உலர்ந்த ஓலை உரசுவதுபோல் அந்த மூச்சுக்குரல் அறையின் கடைசி வரைக்கும் வந்தது.

எனக்கு அது கேட்டது. பல நாளைக்குப் பிறகு, ரங்கசாமியின் முழங்கை இல்லாமல், டீச்சர் பேசுவது எனக்குக் கேட்டது. ஒரு நொடி சந்தோஷமாக இருந்தது. அடுத்த நொடி அதிகாரியைத் திரும்பிப் பார்த்தேன். எனக்கே கேட்டால் பக்கத்தில் இருப்பவருக்கும் கேட்டிருக்கும்.

டீச்சர் சாக்பீஸை மேஜைமேல் வைத்தார். எல்லோரும் மூச்சு விடுவது கேட்டது.

அதிகாரி எழுந்து முன்னால் நடந்தார். டீச்சரை ஒன்றும் கேட்கவில்லை. எங்கள் பக்கம் திரும்பினார்.

"உங்க பொஸ்தகத்துல ஒரு குடைக் கதை இருக்குதல்லங்க. அந்தக் கெழவன் குடைய ஏன் மேலிடத்துக்குச் சொல்லலை?"

பூங்கொடி எழுந்தாள். அவள் சடை நுனி ஆடிக்கொண்டிருந்தது.

"சொன்னா எடுத்துட்டுப் போயிருவாங்கங்க சார்."

"யாரு?"

"பெரியவங்கங்க."

"எடுத்துட்டுப் போகட்டுமே. வேற குடை வாங்கிக்கலாமல்லோ?"

பூங்கொடி டீச்சரைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள்.

"வேற வாங்குனா அது வெறும் குடைங்க சார்."

இதை நோட்ஸ் எதிலும் யாரும் எழுதிக்கொடுத்திருக்கவில்லை. கதைகளைப் பற்றிக் மேடை மேடையாகப் பேசும் பிழைப்பு எனக்கு. இத்தனை காலத்தில் இதற்கு இணையாக ஒரு வரி நானும் சொன்னதில்லை.

வடை

அதிகாரி பதில் சொல்ல வாயெடுக்கும்போது வாசலில் ஹெச்.எம்., கையில் தட்டு. "சூடா இருக்குதுங்க, சாப்பிடுங்க சார். கிளாஸ் எப்படிங்க?"

முடிந்தது என்று நினைத்தேன். அதிகாரி ஒரு வடையை எடுத்தார். எடுத்தவர் கடிக்கவில்லை. பதிலும் சொல்லவில்லை. எதற்கோ காத்திருப்பதுபோல் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு தறி முனகியது. அப்புறம் இன்னொன்று. டடக் டடக் டடக்.

அதிகாரி வடையைக் கடித்தார். ஹெச்.எம்.முக்கு முதுகைக் காட்டி, எங்களைப் பார்த்துக்கொண்டு, வாயை நன்றாக அசைத்து, நீளமாக மென்றார்.

"சரிங்க சார்!" என்று வகுப்பு கூரை அதிரக் கத்தியது.

ஹெச்.எம். தட்டோடு பின்வாங்கினார். வடை தின்பதற்கு எதற்கு இந்த முழக்கம் என்பது அவருக்கு விளங்கவில்லை. எனக்கும் விளங்கவில்லை. டீச்சருக்கும்தான். அவருக்கு சத்தமில்லாமல் பேச வருமே தவிர, பிறர் பேசுவதைப் பார்த்துப் பிடிக்கத் தெரியாது. 'என்ன சொன்னார்' என்று உதட்டால் எங்களைக் கேட்டார்.

ரங்கசாமி என் காதில் சொன்னான். "'நானும் தறிக்காரரு ஊட்டுப் பையந்தான், வந்ததுலருந்து எனக்கும் கேட்டுட்டுத்தான் இருக்குது'ன்னாரு. 'ரிப்போர்ட்டு நல்லபடியா எழுதிப்போடறேன். தொண்டை ஆற வரைக்கும் டீச்சரைப் பேச உட்டீங்கன்னா உங்களைத்தான் கேப்பேன்'னாரு."

அதிகாரியும் ஹெச்.எம்.மும் வராந்தாவில் இறங்கி நடந்தார்கள். பூங்கொடி மேஜைக்கு ஓடி, டீச்சர் காதருகே எட்டி நின்று ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னாள். டீச்சர் கேட்டார். முந்தானையால் முகத்தை அழுந்தத் துடைத்தார். அந்த வருஷம் வகுப்பு நேரத்தில் ஒரு முறைகூட உட்காராதவர், நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

பிறகு எங்களைப் பார்த்து எதையோ சொல்வதற்காக, மூச்சை நன்றாக இழுத்து, வாயைத் திறந்தார்.

"பேசாதீங்க டீச்சர்!"

வராந்தாவின் கோடியில் ஹெச்.எம். திடுக்கிட்டுத் திரும்பிப் பார்த்தார். இந்த முறை நான் அரை நொடிகூடத் தாமதிக்கவில்லை.